அடியில் கிடக்கும் பலகை

என் கையெழுத்து நன்றாக இராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு என் கை எழுதியதெல்லாம் துணிக்குறிதான். காலரின் உள்பக்கம் ஒரு கோடு, இரண்டு புள்ளி, ஒரு கொக்கி. அழியாத மையில் சின்னதாகக் குறி போட்டே பழகிய கை, தாளில் நேராக ஓடமாட்டேன் என்கிறது. எங்கே எந்த ரகரம், எந்த னகரம் என்பதிலும் எனக்குச் சந்தேகம் தீர்ந்ததில்லை. எங்கள் படிப்பகத்துக்காரர்கள் ஆண்டு மலருக்காக, மறக்க முடியாத ஒருவரைப் பற்றி ஆளுக்கு நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். மற்றவர்கள் வாத்தியாரைப் பற்றி எழுதுகிறார்களாம். எனக்கு வாத்தியார் முகமே நினைவில் இல்லை. நினைவில் இருப்பது மரக்கடையில் பார்த்த ஒரு அக்கா. பிழைகளைத் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். அக்காவின் பேச்சை மட்டும் திருத்தவேண்டாம்.

நான் மட்டாஞ்சேரியில் துணி தேய்க்கிறவன். சிரட்டைக்கரி போட்ட பெட்டிதான் இன்றும். வீட்டுத் துணிகள் கொஞ்சம், ஃபோர்ட் கொச்சித் தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகள் நிறைய. வியாழக்கிழமை மத்தியானம் விரிப்புகளைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கொஞ்சம் நேரம் என் கையில் இருக்கும். அந்த நேரத்தில்தான் மரக்கடைக்குப் போக ஆரம்பித்தேன்.

முதல் தடவை போனது பெட்டியின் கைப்பிடி வெடித்ததால். சூடு ஏறாத கெட்டி மரம் வேண்டும் என்று கேட்டேன். எல்லாரும் இக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் கடைக்காரர், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்காமல், மூலையில் குவிந்து கிடந்த வெட்டுத்துண்டுகளைக் கையால் காட்டினார். நான் ஒரு வீட்டித் துண்டை எடுத்துக்கொண்டேன். தமிழில் அதை ஈட்டி என்பார்கள். எடுத்த பிறகும் எனக்குக் கிளம்பத் தோன்றவில்லை.

அந்தக் கடை பஜார் ரோட்டிலிருந்து காயலுக்கு இறங்கும் சந்தில் இருக்கிறது. முன்பு இஞ்சிக் கிடங்காக இருந்த இடம். மழை பிடித்தால் சுவரிலிருந்து இன்னும் இஞ்சி மணக்கும். உயரமான ஓட்டுக்கூரை. ஓட்டுக்கு நடுவே அங்கங்கே கண்ணாடி பதித்திருப்பதால் வெளிச்சம் பட்டை பட்டையாக இறங்கும். இரண்டு சுவரிலும் பலகைகள் சாய்ந்து நிற்கும். நடுவில் படுக்கை வாட்டில் அடுக்கு, காற்றுப் போக ஒவ்வொரு பலகைக்கும் இடையில் சின்னச் சின்னக் குச்சிகள். தேக்கு, மருது, பலா, வேங்கை, தமிழில் அயினி என்கிற ஆஞ்ஞிலி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு மரம் செங்கல் பொடி தூவிய மாதிரிச் சிவப்பாக இருக்கும், வெயில் பட்டால் சில மாதத்தில் கறுத்துவிடும் என்று இக்கா அதன்மேல் சாக்கு போட்டு வைத்திருந்தார். தேக்கின் பக்கத்தில் நின்றால் எண்ணெய் போட்ட புதுச்செருப்பு மணம் வரும். பலாவின் அறுத்த வாயில் இனிப்பு மணம். நான் மூக்கை வைத்து முகர்வதை யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

என் தொழிலில் நாள் முழுக்க அடுத்தவர் துணி. துணியில் எப்போதும் ஒரு உடம்பு இருக்கும். வேர்வை, சென்ட், மருந்து, குழந்தை கக்கிய பால். துவைத்தாலும் சூடு பட்டதும் அது எழுந்து வரும். மரத்தில் யாரும் இல்லை. அது போதுமாக இருந்தது எனக்கு. வியாழன்தோறும் போவேன். சும்மா நிற்கக் கூச்சமாக இருக்குமே என்று ஒரு வெட்டுத்துண்டை வாங்கிக்கொண்டு வருவேன். கட்டிலுக்கு அடியில் துண்டுகள் நிறைந்துபோய், என் மனைவி கேட்டாள்: "வீட்டுக்குள்ள காடு வளக்குறீங்களா?"

அப்படி ஒரு வியாழக்கிழமை, அடுக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"அடியில என்ன கிடக்கு?"

"அடியிலும் ஆஞ்ஞிலிதான் சேச்சி," என்றார் இக்கா. இக்காவுக்குத் தமிழ் வரும், மலையாளத்தில் நனைத்த தமிழ்.

"அது தெரியும். எப்படிக் கிடக்குன்னு கேட்டேன்."

எட்டிப் பார்த்தேன். ஐம்பது கடந்த ஒரு அம்மாள். நூல்சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தார். கையில் தண்ணீர் பாட்டில். குடிப்பதற்கு என்று நினைத்தேன். அவர் உள்ளங்கையில் தண்ணீரை ஊற்றிப் பலகைமேல் நீளமாக ஒரு இழுப்பு இழுத்தார். வெளுத்துக் கிடந்த பலகையில் அந்த இடம் மட்டும் தேன் நிறத்தில் எழுந்தது. ரேகைகள் எல்லாம் மேலே வந்தன. அவர் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தமிழா?"

"ஆமா. எப்படித் தெரிஞ்சுது?"

"இவ்வளவு நேரம் நின்னுட்டு ஒண்ணும் பேசலியே. இங்கத்த ஆளுன்னா இதுக்குள்ள பத்து அபிப்ராயம் சொல்லியிருப்பான். வா, அந்த முனையப் பிடி."

பிடித்தேன். அன்றிலிருந்து வியாழக்கிழமைகளில் பலகையின் ஒரு முனை என் கையில் இருந்தது. கடையில் மரம் தூக்குகிற சுமட்டுக்காரர்கள் இரண்டு பேர் உண்டு. அக்காவின் செருப்புச் சத்தம் சந்தில் கேட்டாலே இரண்டு பேரும் சாயா குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

அவருக்கு வேண்டியது ஒரு கதவு. முன்வாசலுக்கு, இரண்டு பக்கமாகத் திறக்கிற இரட்டைக் கதவு. சுள்ளிக்கலில் அவர் கட்டிய வீடு முடிந்து கிடந்தது. தரைக்கு ஓடு பதித்தாயிற்று, சுவருக்கு வண்ணம் அடித்தாயிற்று, ஜன்னலுக்குத் திரைகூடப் போட்டாயிற்று. முன்வாசலில் மட்டும் தகரத்தைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார். கதவு வைக்காமல் பால் காய்ச்சக் கூடாது. பால் காய்ச்சாமல் குடியேறக் கூடாது. அதனால் சொந்த வீட்டுக்கு எதிரே ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, காலையும் மாலையும் தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தவங்க சட்டுனு வாங்கிப் போட்டுருவாங்க," என்றார் ஒருநாள். "எனக்கு அப்பிடி முடியாது கேட்டோ. இது கதவாக்கும்."

அவர் மஸ்கட்டில் ஒரு வீட்டில் நெடுங்காலம் சமையல் வேலை பார்த்தவர். அதைப் பற்றி ஒழுங்காக ஒருநாளும் சொன்னதில்லை. பலகையைப் புரட்டும்போது துண்டு துண்டாக வரும். அவருக்குக் கொடுத்த அறை, சாமான் அறைக்குப் பக்கத்தில் இருந்ததாம். கெட்ட மனுஷர்கள் இல்லையாம். சாப்பாடு, துணி, பெருநாளுக்குப் புதுச்செருப்பு எல்லாம் வந்துவிடுமாம்.

"எல்லாம் குடுத்தாங்க தம்பி. எது வேணும்னு கேட்டது மட்டும் இல்ல," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர் தடவிக்கொண்டே, "ரூமுக்கும் நல்ல கதவுதான். தாழ்ப்பாள் வெளிப்பக்கம்" என்றார்.

நான் என் முனையை இறக்கி வைத்தேன். அவர் உடனே, "எதுக்கு வெச்சே? அடியில உள்ளத இன்னும் பாக்கலியே" என்றார்.

மரத்தைப் பற்றி அக்காவுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது. சிவப்பாக இருந்தால் எல்லாம் அவருக்கு வேங்கை. இக்கா திருத்தித் திருத்திச் சலித்துப்போய் விட்டுவிட்டார். தெரிந்து தேர்ந்தெடுக்கிறவர் இல்லை அவர். பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றைப் பார்த்தால் அதன் அடியில் இருப்பது அவரை உறுத்தும். உட்காரமாட்டார். சாயாவை நின்றுகொண்டே குடிப்பார், அதிலும் பாதிதான். தோப்பும்படிக்குப் பஸ் ஏறினால் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடப்பாராம். உட்கார்ந்திருந்தால் யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்பார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பலகை பிடித்துப்போய், ஆனால் அன்றைக்கே எடுக்க முடியாதவர், சுண்ணாம்புக்கட்டியால் அதில் தன் குறியைப் போட்டுவிட்டுப் போகலாம். குறி இருக்கிறவரை இக்கா அதை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார். ஆளுக்கு ஒரு குறிதான். வேறு பலகையில் போடவேண்டுமானால் முதலில் போட்டதை அழிக்க வேண்டும். அக்காவின் குறி ஒரு வட்டம், நடுவில் ஒரு பொட்டு. ஒவ்வொரு வியாழனும் போன வாரத்து வட்டத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, வேறு பலகையில் புதிதாகப் போடுவார். துடைத்தாலும் லேசாகத் தெரியும். கடையில் எந்தப் பலகையைத் திருப்பினாலும் அதில் ஒரு மங்கின வட்டம் இருக்கும்.

"சேச்சி, இது மரக்கடையா, பொண்ணு பாக்கிற வீடா?" என்று இக்கா கேட்பார். "எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிட்டு ஒண்ணையும் கூட்டிட்டுப் போகலியே."

"உனக்கென்னா நஷ்டம்? உன் மரத்துக்கெல்லாம் நான்தான் தூசி தட்டுறேன்."

"தூசி மட்டுமா? வாராவாரம் குளிப்பாட்டவும் செய்றீங்க."

நான் சிரித்ததைப் பார்த்து அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "நீ என்னா சிரிக்கிற? நீ வந்து எத்தன நாளாச்சு? ஒரு பலகையிலாவது குறி போட்டியா? குப்பையக் கிளறிட்டு ஓடிர்ற."

"எனக்கெதுக்குக்கா பலகை?"

"எதுக்கோ. போட்டுப் பாரு. நல்லா இருக்கும்."

போடவில்லை. ஊரார் சட்டையில் எல்லாம் குறி போடுகிற எனக்கு, ஒரு பலகையில் போடக் கை வரவில்லை.

ஆனி மழை கொட்டிய ஒரு வாரம் ஜோடி ஒன்று வந்திறங்கியது. ஒரே தடியில் அடுத்தடுத்து அறுத்த இரண்டு ஆஞ்ஞிலிப் பலகைகள். புத்தகத்தை விரித்த மாதிரிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இதன் ரேகை அதில் போய்ச் சேர்ந்தது. அக்கா பாட்டிலைத் திறந்தார். தண்ணீர் தடவினார். தட்டினார். கேட்டார். குறி போட்டார். போய்விட்டார். "ஆளு விழுந்தாச்சு" என்றார் இக்கா. மலையாளத்தில் 'மதி' என்றால் போதும் என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையை அக்கா வாயிலிருந்து கேட்க இக்கா அத்தனை நாளாகக் காத்திருந்தார்.

அடுத்த வியாழன் அக்கா வந்தார். ஜோடியை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு பக்கத்து அடுக்கின் ஓரத்தில் போய் நின்றார். "அடியில என்ன கிடக்கு?"

"அக்கா, வேண்டாம்," என்றேன். அவரிடம் நானாகச் சொன்ன முதல் வார்த்தை அது என்று நினைக்கிறேன்.

"சும்மா பாக்கத்தானே."

அடியில் ஒரு பழைய மருதுப் பலகை கிடந்தது. அக்கா ஜோடியின் மேலிருந்த வட்டத்தைத் துடைத்து மருதில் போட்டார். ஒரு வாரத்துக்குத்தான் என்றார், அடுத்த வாரம் திரும்பவும் மாற்றிக்கொள்ளலாம் என்றார். அன்று சாயங்காலமே யாரோ வந்து ஜோடியை எடுத்துப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் வந்து அந்த வெற்று இடத்தைப் பார்த்தவர், இக்காவிடம் சண்டை போடவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "நான்தானே அழிச்சேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து முதல் தடவையாக அதிலிருந்து குடித்தார்.

அந்த ஜோடி எங்கே போயிற்று என்று எனக்குச் சில வாரத்தில் தெரிந்துவிட்டது. நான் விரிப்புக் கொடுக்கிற ஒரு விடுதியில், முற்றத்து ஓரம், நீளமான சாப்பாட்டு மேசையாகக் கிடந்தது. ரேகை ரேகையோடு சேர்ந்த அந்த இடத்தைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் அலைக்கழிந்தேன். கடைசியில் சொன்னேன்.

"இப்பவே போலாம்," என்றார்.

விடுதியில் வெள்ளைக்காரர்கள் சிலர் அந்த மேசையில் பப்பாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மேசையில் தண்ணீர் தடவினார். தட்டிக் காதை வைத்தார். நான் விரிப்பு மூட்டையின் பின்னால் நின்றுகொண்டு, பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தேன். விடுதிப் பையன் ஓடிவந்து, "எந்தா சேச்சி, எந்து வேணும்?" என்றான். "ஒண்ணும் வேண்டா மோனே" என்று சொல்லிவிட்டு, சேலையை ஒடுக்கிக்கொண்டு அக்கா மேசைக்கு அடியில் போனார். சற்று நேரம் கழித்து, "தம்பி" என்ற குரல் வந்தது. நானும் குனிந்தேன்.

மேசையின் அடிப்பக்கத்தை ஆசாரி இழைக்கவில்லை. அறுத்த மேனிக்கே விட்டிருந்தார். அங்கே வட்டமும் பொட்டும் மங்கலாக இருந்தன.

"அழிச்சிட்டேன்னு நெனச்சேன். சரியா அழியல," என்றார் அக்கா. அவர் குரலில் சந்தோஷமா வருத்தமா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

பிறகு அவர் மகளுக்கு லீவு கிடைத்தது. மகளும் மஸ்கட்டில்தான், ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஓணத்துக்கு வந்து ஒரு வாரம் இருப்பாள். அதற்குள் பால் காய்ச்ச வேண்டும், இந்தத் தடவை விட்டால் இரண்டு வருஷம் லீவு இல்லை. மகள் போனில், "அம்மே, தகரம் இருந்தாலும் மதி, நான் வந்து பால் காய்ச்சிட்டுப் போறேன்" என்றாளாம்.

"தகரத்துக்குப் பின்னால பால் காய்ச்சவா அவ்வளவு நாள் அடுப்படியில நின்னேன்?" என்று என்னிடம் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் அடுத்த அடுக்குக்குப் போனார். அந்த வாரங்களில் அவர் தினமும் கடைக்கு வந்தார் என்று இக்கா சொன்னார். குறியை ஒரே நாளில் மூன்று இடத்துக்கு மாற்றினாராம். இக்காவே எழுந்து வந்து, "சேச்சி, கண்ண மூடிட்டு ஒண்ணத் தொடுங்க, நான் அறுத்துத் தரேன்" என்று கெஞ்சினாராம். அக்கா தொடவில்லை.

லீவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பால் காய்ச்சும் அன்று கட்டவேண்டிய கசவுச் சேலையைத் தேய்க்க எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். அதற்குமுன் வந்ததில்லை. நான் பெட்டிக்குக் கரி போட்டு விசிறிக்கொண்டிருந்தேன். அவர் வழக்கம்போல உட்காராமல், காத்திருக்கிற நேரத்தில், பழக்க தோஷத்தில் என் தேய்ப்பு மேசையை விரல் முட்டியால் தட்டினார்.

தட்டியவர் இன்னொரு தடவை தட்டினார்.

"இது என்ன மரம்?"

"தெரியாதுக்கா. நான் கடைய எடுத்தப்பவே கிடந்துது."

மேசைமேல் வெள்ளைத்துணி, அதற்கடியில் இரண்டு மடிப்புக் கம்பளி. அக்கா எல்லாவற்றையும் ஒரு முனையிலிருந்து சுருட்டினார். அடியில் அகலமாக இரண்டு பலகைகள், செங்கல் கால்மேல் பக்கத்தில் பக்கத்தில். மேல்பக்கம் முழுக்கப் பெட்டி சுட்ட தழும்பு. எனக்கு முன்னால் இருந்தவர் சுட்டது, அவருக்கும் முன்னால் இருந்தவர் சுட்டது, நான் சுட்டது. காயலில் தோணிகள் கட்டிக்கிடக்கிற மாதிரிக் கறுப்புக் கறுப்பாக மூக்கு நீண்ட அடையாளங்கள்.

அக்கா அதைப் பார்க்கவே இல்லை. குனிந்து மேசைக்கு அடியில் போய்விட்டார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"தம்பி, இங்க வா."

போனேன். அத்தனை வருஷம் அந்த மேசையின் முன்னால் நின்றிருக்கிறேன், அதன் அடிப்பக்கத்தை அன்றுதான் பார்த்தேன். கை வைத்த தடத்தில் தேன் நிறம். ஆஞ்ஞிலி. வியாழன்தோறும் எதைப் பார்க்கச் சைக்கிள் மிதித்துப் போனேனோ அதுவே. இரண்டு பலகையின் ரேகையும் ஒன்றுக்குள் ஒன்று சேரவில்லை, ஒன்று நேராகவும் ஒன்று வளைந்தும் ஓடின. ஒரு முனையில் பழைய ஆணித்துளைகள். அக்கா உள்ளங்கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆமாம், உட்கார்ந்திருந்தார். என் கடையின் சிமெண்ட் தரையில், சம்மணம் போட்டு.

"மதி," என்றார்.

அது என் மேசை. என் சோறு அதன்மேல்தான் இருக்கிறது. அடியிலிருந்து வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "உன் வேலைக்கு வேற பலகை நான் எடுத்துத் தாரேன். இக்காகிட்டச் சொல்லிர்றேன். நீயே போயி, எது பிடிக்குதோ அதுல குறி போடு. எந்தப் பலகை வேணாலும்."

கூச்சத்தால் ஒப்புக்கொண்டேன் என்று என் மனைவி இன்றுவரை நினைக்கிறாள். முழுக்க அப்படி இல்லை. 'எந்தப் பலகை வேணாலும்' என்ற சொல் காதில் நின்றுவிட்டது.

"மேசையத் தூக்கிக் குடுத்துட்டு எதுல தேய்ப்பீங்க? என் முதுகுலயா?" என்றாள் மனைவி.

"பிளைவுட் போட்டுக்கலாம். ஒரு வாரந்தான்."

ஆசாரி அடிப்பக்கத்தை இழைத்து வெளிமுகமாக வைத்தார். சுட்ட பக்கத்தையும் இழைக்கப் போனவரை அக்கா தடுத்துவிட்டார். "அது உள்பக்கம் இருக்கட்டும். நான் பாத்துக்கிடறேன்." உள்பக்கத்தில்தான் பித்தளைத் தாழ்ப்பாளும் வைத்தார். பால் காய்ச்சிய காலையில் நானும் மனைவியும் போயிருந்தோம். மகள் கதவைச் சாத்திப் பார்த்து, "அம்மே, எந்தா இது, கதவெல்லாம் கரிஞ்சு கிடக்கு?" என்றாள். "தேய்ச்சு மடிச்ச கதவாக்கும்" என்றார் அக்கா. பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. அக்கா அடுப்படிப் பக்கம் போகவே இல்லை. முன்வாசலில் நின்று தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார்.

அதன் பிறகு அக்கா மரக்கடைக்கு வரவில்லை. சுமட்டுக்காரர்கள் வியாழக்கிழமையும் கடையிலேயே இருந்தார்கள். "சேச்சி இல்லாம கடையில தூசி ஏறிப்போச்சு" என்று இக்கா சொன்னார். நான் போனேன், என் பலகையைத் தேர்ந்தெடுக்க. முதல் வாரம் ஒரு தேக்கில் குறி போட்டேன், என் துணிக்குறி, ஒரு கோடும் இரண்டு புள்ளியும். நல்லா இருக்கும் என்று அக்கா சொன்னது சரிதான். வீட்டுக்கு வந்தும் அந்தப் பலகையை நினைத்துக்கொண்டே தேய்த்தேன். அடுத்த வாரம் போனபோது அதன் அடியில் கிடப்பது கண்ணில் பட்டது.

சில மாதம் கழித்துத் தோப்பும்படி நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். முகம் வாடியிருந்தது.

"வீடு எப்படிக்கா இருக்கு?"

"வீடு நல்லாத்தான் இருக்கு. கதவும் நல்லா இருக்கு. போறதுக்குத்தான் ஒரு இடம் இல்லாமப் போச்சு." பிறகு கேட்டார்: "நீ பலகை எடுத்திட்டியா?"

"இல்லக்கா. பாத்துட்டிருக்கேன்."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "நாளைக்கு வியாழன்தானே?"

மறுபடி வந்தார், எனக்காக. பாட்டில், முந்தானை, தட்டல், காது. சுமட்டுக்காரர்கள் சாயாவுக்குக் கிளம்பினார்கள். அந்த மழைக்காலம் முழுக்க இரண்டு பேரும் அந்தக் கடையைப் புரட்டினோம். நான் போதும் என்று நினைக்கிற நேரத்தில் அவர் அடியில் பார்க்கச் சொல்வார். அவர் போதும் என்று நினைக்கிற நேரத்தில் எனக்கு அடியில் பார்க்கத் தோன்றும். நல்ல நாட்கள் அவை. பிளைவுட் சூட்டில் வளைந்து, விரிப்புகளில் மடிப்புத் தப்பி, ஒரு விடுதிக்காரர் துணியைத் திருப்பியனுப்பியது மட்டும்தான் குறை.

பிறகு மகளுக்குக் குழந்தை. பார்த்துக்கொள்ள அக்கா போகவேண்டி வந்தது. போவதற்கு முந்தின வியாழன் வந்தவர், பலகைகளைப் புரட்டவில்லை. நேராகப் போய் ஒரு பலாப் பலகையின் முன் நின்று, சுண்ணாம்புக்கட்டியை எடுத்து, என் குறியைப் போடாமல் தன் குறியைப் போட்டார். வட்டம், நடுவில் பொட்டு.

"இத எடுத்துக்கோ. அடியில பாக்காத. பாத்தேன்னா நீயும் என்ன மாதிரி ஆயிருவ."

"நீங்க எப்ப வருவீங்க?"

"குழந்தை நடக்கட்டும்," என்றார்.

குழந்தை நடந்திருக்கும், ஓடிக்கூட இருக்கும். அவர் கொடுத்த நம்பரில் இப்போது யாரும் எடுப்பதில்லை. சுள்ளிக்கல் வழியாகப் போகும்போது அந்தக் கதவைப் பார்ப்பேன். தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறது. பூட்டு வெளியே தொங்குகிறது. அது எனக்குச் சரியாகப் படுவதில்லை. இறங்கிப் போய்க் கையால் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வருவேன்.

அந்தப் பலாப் பலகையை நான் இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால் வியாழக்கிழமை எங்கே போவது என்று தெரியவில்லை. அக்கா குறியை அழிக்கவும் மனம் வரவில்லை. இக்கா இத்தனை நாள் பொறுத்தார். நேற்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். அந்தப் பலகையை ஒருத்தர் கேட்கிறாராம், இன்றைக்குள் நான் எடுக்காவிட்டால் குறி செல்லாதாம். மனைவி காலையிலேயே பிளைவுட்டைத் தெருவில் தூக்கிப் போட்டுவிட்டாள். "பலகையோட வாங்க, இல்லன்னா அங்கேயே படுத்துக்கோங்க" என்றாள்.

அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்து இதை எழுதி முடித்தேன். தேய்க்க மேசையும் இல்லை. இப்போது கிளம்புகிறேன். வண்டிக்காரரை வரச் சொல்லியாகிவிட்டது. அக்கா போட்ட வட்டத்தின் மேல் கை வைத்து 'மதி' என்று சொல்லிவிடப் போகிறேன். அதற்கு முன்னால், சும்மா, அடியில் என்ன கிடக்கிறது என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

ஐப்பசி பதினொன்று, வியாழக்கிழமை
மட்டாஞ்சேரி